இங்கிலாந்தின் பழைய கிராமத்துச் சனங்கள்: கோயில் பெஞ்சை வைத்து எழுதிய ஊர்க்கதை

கரிசல்காட்டான் எழுதியது:

இங்கிலாந்து வரலாறு என்று எதை எடுத்தாலும் எட்டாம் ஹென்றியும் அவர் மனைவிமாரும்தான் முதலில் வந்து நிற்கிறார்கள். எனக்கு அது வேண்டாம். 1600களில் ஒரு சாதாரண ஆங்கிலேயக் கிராமத்தில் குடியிருந்தவன் என்ன வேலை செய்தான், யாரோடு சண்டை போட்டான், எதைத் திருடி மாட்டிக்கொண்டான், அவன் பெண்டாட்டி அவனைப் பற்றி என்ன நினைத்தாள்? இந்த மாதிரி விஷயங்கள் எங்கேயாவது பதிவாகியிருக்கிறதா? "விவசாயிகள் கடுமையாக உழைத்தார்கள்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாமல், ஒரே ஊரை எடுத்துக்கொண்டு ஆள் ஆளாகப் பேச முடிந்தால் நல்லது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

நீங்கள் கேட்பதற்கென்றே ஓர் ஊர் இருக்கிறது. பெயர் மிடில். இங்கிலாந்தின் மேற்கே, வேல்ஸ் எல்லையை ஒட்டிய ஷ்ராப்ஷயர் மாவட்டத்தில், ஷ்ரூஸ்பரி நகரத்துக்கு வடக்கே இருக்கிறது. பெரிய போர்க்களமோ அரண்மனையோ கிடையாது. இடிந்த கோட்டைச் சுவர் ஒன்று உண்டு. கால்நடை வளர்ப்பும் சீஸ் செய்வதும் முக்கியமான பிழைப்பு. காட்டை அழித்தும் சதுப்பை வடித்தும் மேய்ச்சல் நிலம் சேர்த்த ஊர்.

மிடில் பங்கை, அதாவது மிடில் தேவாலயத்துக்கு உட்பட்ட பகுதியைச் சேர்ந்த நியூட்டன் என்ற சிற்றூரில் 1635இல் பிறந்தவர் ரிச்சர்ட் காஃப். சொந்த நிலபுலன் உள்ள நடுத்தர விவசாயி, கொஞ்சம் சட்டமும் லத்தீனும் தெரிந்தவர். 66 வயதில், 1701 வாக்கில், தன் ஊரைப் பற்றி எழுத உட்கார்ந்தார். எப்படி எழுதுவது? அரசர் வரிசையில் எழுதவில்லை, ஆண்டு வரிசையிலும் எழுதவில்லை. தேவாலயத்தில் போட்டிருக்கும் பெஞ்சுகளின் வரைபடத்தை வரைந்தார். முதல் பெஞ்சு யாருடையது, அவர்கள் அப்பா யார், தாத்தா யார், எந்த வீட்டில் பெண் எடுத்தார்கள், சொத்து எப்படி வந்தது, எப்படிப் போனது என்று தொடங்கி, பெஞ்சு பெஞ்சாக நகர்ந்து கடைசி வரைக்கும் போய்விட்டார். மொத்த ஊரும் அதில் வந்துவிட்டது.

இதில் கவனிக்க வேண்டியது, பெஞ்சு ஆளுக்குச் சொந்தமில்லை, வீட்டுக்கும் நிலத்துக்கும் சொந்தம். பண்ணையை வாங்கினால் பெஞ்சும் சேர்ந்து வரும். பெரிய வீடுகள் முன்னால், குத்தகை விவசாயிகள் நடுவில், குடிசைக்காரர்கள் ஓரத்திலும் பின்னாலும். பங்கு வரி கட்டாத பொடியன்கள் எல்லாம் பெரிய மனிதர்களுக்கு முன்னால் உட்காருவதா என்று காஃப் கொதிக்கிற இடம் ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குள் நுழைந்தாலே யாருக்கு எவ்வளவு நிலம் என்பது ஊருக்கே தெரிந்துவிடும்.

நாகை மாலுமி எழுதியது:

அண்ணே, சுருக்கமாகச் சொன்னால் திண்ணையில் உட்கார்ந்து ஊர்வம்பு பேசியிருக்கிறார். அதற்கு வரலாறு என்று பெயரா?

ஏட்டுச்சுவடி எழுதியது:

வம்புதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த வம்பில்தான் ஊர் இருக்கிறது. இரண்டு பேரைச் சொல்கிறேன், பிறகு நீங்களே முடிவு செய்யுங்கள்.

ரீஸ் வென்லாக் என்று ஒருவர். பெரிய திருட்டுக்கெல்லாம் போகாதவர். ஆனால் அடுப்புக்கு விறகு வேண்டுமென்றால் அடுத்தவன் வேலியைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார். பக்கத்துப் பண்ணையில் வேலி அடைக்கிற வேலையாளுக்கு ஒவ்வொரு தடவையும் இதே தலைவலி. பொறுத்துப் பார்த்தான். ஒரு நாள் நல்ல கட்டையாக ஒன்றை எடுத்து, துளையிட்டு, உள்ளே வெடிமருந்தைத் திணித்து, மேலே மரமுளை அடித்து மூடி, வேலியில் சொருகி வைத்துவிட்டான். வென்லாக் வழக்கம்போல அதையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போய் ரொட்டி அடுப்பில் போட்டார். அடுப்பின் மேல்பாகம் பறந்தது, வீட்டின் ஒரு பக்கம் தீப்பிடித்தது. காஃப் இதைக் கொஞ்சமும் வருத்தம் இல்லாமல் எழுதியிருக்கிறார்.

அடுத்தவர் ஜான் ஆஸ்டன். கொஞ்சம் மந்தமான ஆள், சோம்பேறி, கோழி திருடுவதில் கெட்டிக்காரர். பல தடவை கையும் களவுமாக மாட்டியிருக்கிறார். பிடித்தவர்கள் நாலு சாத்து சாத்திவிட்டு விட்டுவிடுவார்கள், எவன் கோர்ட்டுக்கு அலைவது என்று. பிறகு ராத்திரியில் கோழி பிடித்து ஷ்ரூஸ்பரிக்குக் கொண்டுபோய் விற்பதைத் தொழிலாகவே ஆக்கிக்கொண்டார். எந்த நேரத்தில் போனாலும் வாங்கிக்கொள்ள அங்கே கூட்டாளிகள் இருந்தார்கள். ஊர் பொறுமை இழந்து, 24 சேவல், கோழிகளைத் திருடியதாக வழக்குப் போட்டது. குற்றம் நிரூபணமாகிவிட்டது. நீதிபதி ஜூரிகளிடம், இவன் குற்றவாளி என்று நீங்கள் சொல்லித்தான் ஆக வேண்டும், ஆனால் திருட்டுப் பொருளின் மதிப்பைக் கொஞ்சம் யோசித்துப் போடுங்கள் என்றார். ஜூரிகள் யோசித்தார்கள். மொத்த மதிப்பு 11 பென்னி என்றார்கள். இந்தப் பக்கம் கோழி இவ்வளவு மலிவா, ரொம்ப சந்தோஷம் என்று நீதிபதி விழுந்து விழுந்து சிரித்தாராம்.

கணக்கர் எழுதியது:

அந்த 11 பென்னிக்குக் காரணம் இருக்கிறது. அன்றைய ஆங்கிலச் சட்டப்படி 12 பென்னிக்கு மேல் திருடினால் பெருந்திருட்டு, தூக்குத் தண்டனை வரை போகலாம். அதற்குக் கீழே என்றால் சிறுதிருட்டு, சவுக்கடியோடு முடிந்துவிடும். விலைவாசி எவ்வளவோ ஏறியும் சட்டத்தில் அந்த 12 பென்னி மட்டும் அப்படியே நின்றது. கோழித் திருடனைத் தூக்கில் போட ஊருக்கும் மனம் இல்லை, நீதிபதிக்கும் மனம் இல்லை. எனவே 24 கோழிக்கு 11 பென்னி. சட்டப் புத்தகத்தை மட்டும் படித்தால் அந்த நாடு கொலைக்களம் மாதிரித் தெரியும். காஃப் எழுதியதைப் படித்தால்தான் சட்டத்தை எப்படி வளைத்து வாழ்ந்தார்கள் என்பது புரிகிறது.

மாலுமியின் கேள்விக்கும் ஒரு பதில். டேவிட் ஹே என்ற வரலாற்றாசிரியர் 1970களில் மிடில் ஊரின் ஞானஸ்நான, அடக்கப் பதிவேடுகள், உயில்கள், குத்தகைப் பத்திரங்கள் எல்லாவற்றையும் எடுத்து காஃப் சொன்னதோடு ஒப்பிட்டுப் பார்த்தார். கிழவரின் நினைவு பெரும்பாலும் பத்திரங்களோடு ஒத்துப்போனது. வம்பாக இருந்தாலும் சரிபார்க்கப்பட்ட வம்பு.

தேன்மொழி எழுதியது:

சரி, ஆண்கள் கோழி திருடினார்கள், வேலி திருடினார்கள். பெண்கள்? காஃப் பெண்களைப் பற்றி எழுதும்போது பெரும்பாலும் இரண்டே சாதிதான்: அடக்கமானவள், வாயாடி. தாமஸ் ஹேவர்ட் என்பவர் வீட்டில் நிம்மதி இல்லாததால் சாப்பாட்டுக்காகவே பீர்க்கடைக்குப் போக வேண்டியிருந்தது என்று எழுதுகிறார். பாவமாம். பெண்டாட்டிக்கு நாக்கு நீளமாம். கணவன் வீட்டில் இல்லாமல் கடையிலேயே கிடந்ததால்தான் அவளுக்கு நாக்கு நீண்டதோ என்று கேட்க அந்தக் காலத்தில் ஆள் இல்லை.

அதே நேரம் ஜூடித் டவுன்டன் என்ற பெண் தினமும் பீர்க்கடைக்குப் போய்க் குடித்தாள், அவள் பாக்கியைத் தீர்க்கக் கணவன் ஒரு தடவை 10 பவுண்டு கட்டினான் என்கிறார். அங்கே மட்டும் வீட்டில் நிம்மதி இல்லாததால் போனாள் என்ற விளக்கம் வரவில்லை.

இன்னொன்று. அந்தக் காலத்து வீட்டுக்குள் என்ன இருந்தது என்று தெரிந்துகொள்ள வரலாற்றாசிரியர்கள் பெரிதும் நம்புவது, ஆள் இறந்ததும் அக்கம்பக்கத்தார் வந்து எழுதும் சொத்துப் பட்டியல். பித்தளைப் பானை எத்தனை, ஈயத்தட்டு எத்தனை, பசு எத்தனை, இறகு மெத்தையா வைக்கோல் மெத்தையா என்று எல்லாம் இருக்கும். ஆனால் கணவன் உயிரோடு இருக்கும் பெண் இறந்தால் பொதுவாகப் பட்டியலே கிடையாது. சட்டப்படி சட்டிபானை எல்லாம் அவனுடையது. சீஸ் செய்தது அவள், பாத்திரம் அவன் பெயரில். விதவைகளும் கல்யாணம் ஆகாதவர்களும்தான் பத்திரங்களில் தலை காட்டுவார்கள்.

கரிசல்காட்டான் எழுதியது:

தேன்மொழி சொன்னது நியாயம். பெஞ்சு வரிசையில் எழுதினால் பெஞ்சு வைத்திருப்பவன் கதைதான் வரும். வீட்டு வேலைக்கு இருந்த பையன்கள், பெண்கள் எங்கே?

ஒரு சந்தேகம், 1640களில் மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் உள்நாட்டுப் போர் நடந்ததே, இந்த ஊருக்கு அது தெரியுமா? இல்லை, அது லண்டன் விவகாரம் என்று மாடு மேய்த்துக்கொண்டிருந்தார்களா?

ஏட்டுச்சுவடி எழுதியது:

நன்றாகவே தெரியும். வாசலுக்கே வந்தது.

1642இல் மன்னர் முதலாம் சார்லஸ் ஷ்ரூஸ்பரியில் ஆள் திரட்டிக்கொண்டிருந்தார். மிடில் குன்றின் மேல் எல்லா ஆண்களையும் கூட்டினார்கள். ஈட்டிகளைப் பக்கத்தில் நட்டுவைத்து, கையில் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு, படையில் சேர்ந்தால் வாரத்துக்கு 14 குரோட் சம்பளம் என்று அறிவித்தார்கள். ஒரு குரோட் 4 பென்னி, ஆக 56 பென்னி. பண்ணைக் கூலிக்கு அது பெரிய காசு. சிறுவனாக இருந்த காஃப் அங்கே நின்று வேடிக்கை பார்த்திருக்கிறார்.

மிடில், மார்ட்டன், நியூட்டன் ஆகிய மூன்று சிற்றூர்களிலிருந்து மட்டும் மன்னருக்காக 20 பேர் போனார்கள். 13 பேர் திரும்பவில்லை. காஃப் அவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி எழுதுகிறார். ஒருவர் தையற்காரர். ஒருவன் பங்குப் பணத்தில் வளர்ந்த, முறையாகப் பிறக்காத பையன், ரிச்சர்ட் சாலனர். எட்ஜ்ஹில் போருக்குப் போனான், பிறகு அவனைப் பற்றி இந்தப் பக்கம் யாரும் கேள்விப்படவில்லை. இன்னொருவனுடைய அப்பாவைப் போருக்கு முன்பே தூக்கில் போட்டிருந்தார்கள், மகனும் போரில் அதற்குத் தகுதியானவனாகத்தான் நடந்துகொண்டான் என்கிறார். செத்தவனுக்காகக் கூசிக் குழையும் பழக்கம் அவரிடம் இல்லை. நல்ல பையன் என்றால் நல்ல பையன், அயோக்கியன் என்றால் அயோக்கியன். மூன்று சிற்றூரில் இவ்வளவு என்றால் இங்கிலாந்து முழுக்க எத்தனை ஆயிரம் பேர் போயிருப்பார்கள் என்று ஒரே ஒரு வரி கணக்குப் போட்டுவிட்டு அடுத்த ஆளுக்குப் போய்விடுகிறார்.

நாடாளுமன்றப் படைக்குப் போனவர்கள் கொஞ்சம் பேர்தான். அதில் ஜான் மோல்ட் என்பவருக்குக் காலில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்து, எலும்பு உடைந்து, குதிரையும் செத்தது. கால் ஆறியது, ஆனால் சாகும்வரை கோணலாகவே இருந்தது. ஊரில் அந்தக் காலோடு நடமாடிய ஆளைப் பார்த்து வளர்ந்தவர் எழுதியது இது.

போர் கொல்லர் பட்டறைக்கும் வந்தது. மன்னர் படையைச் சேர்ந்த காலின்ஸ் என்ற ஐரிஷ்காரர் குதிரைக்கு லாடம் அடிக்க வந்த இடத்தில் எதிர்ப்படை சுட்டுவிட்டது. கொல்லர் வீட்டுக்குள் தூக்கிப் போட்டார்கள். பள்ளிக்கூடப் பையன் காஃப் பார்க்க ஓடினார். தரையெல்லாம் ரத்தம், ஜெபம் செய்ய ஊர்ப் பாதிரியாரை வரவழைத்திருந்தார்கள். எந்தத் தளபதி எந்தப் பக்கம் என்பதெல்லாம் இதில் பெரிதாக இல்லை.

மண்வெட்டி எழுதியது:

நான் தொல்லியல் பக்கம். பத்திரம் எழுதத் தெரிந்த ஆள் இல்லாத ஊரை என்ன செய்வது? 1600க்கு முந்தைய குடியானவனைப் பற்றி எலும்பும் குப்பையும்தான் பேச வேண்டும். அதற்கு யார்க்‌ஷயரில் இருக்கும் வாரம் பெர்ஸியைத்தான் பார்க்க வேண்டும்.

இது செத்த கிராமம். கூரை இல்லாத தேவாலயம் ஒன்று நிற்கிறது, மற்றபடி புல்தரை. சாயங்கால வெயில் சாய்ந்து விழும்போது மட்டும் பழைய வீடுகளின் அடித்தளமும் தெருவும் மேடு பள்ளமாகத் தெரியும். மாரிஸ் பெரஸ்ஃபோர்டு என்ற பொருளாதார வரலாற்றாசிரியரும் ஜான் ஹர்ஸ்ட் என்ற தொல்லியலாளரும் 1950 முதல் 1990 வரை ஒவ்வொரு கோடையிலும் தன்னார்வலர்களை வைத்துக்கொண்டு அங்கே தோண்டினார்கள். 40 வருஷம் தோண்டியும் ஊரில் சிறு பகுதிதான் திறந்தது.

கல்லறைத் தோட்டத்தில் கிட்டத்தட்ட 700 எலும்புக்கூடுகள் கிடைத்தன. பெரும்பாலும் சாதாரணக் குடியானவர்கள். எலும்பின் வேதியியலைப் பார்த்தபோது தாய்மார்கள் ஏறத்தாழ 18 மாதம் வரை தாய்ப்பால் கொடுத்தது தெரிந்தது. அதுவரை பிள்ளைகள் நன்றாகவே வளர்ந்திருக்கிறார்கள். பால் நின்ற பிறகுதான் சரிவு. 10 வயதுப் பிள்ளை இன்றைய 10 வயதுப் பிள்ளையை விடச் சுமார் 20 சென்டிமீட்டர் குட்டை. வயதான பெண்களுக்கு எலும்புத் தேய்மானம் இன்று இருப்பது போலவே இருந்திருக்கிறது. அந்தக் காலத்தில் உழைத்தார்கள், அதனால் எலும்பு இரும்பாக இருந்தது என்று சொல்கிறவர்கள் இதைக் கவனிக்கலாம்.

11ஆம் நூற்றாண்டு ஆள் ஒருவர், வயது 40 இருக்கும். தலையில் கனமான எதனாலோ பலத்த அடி வாங்கியிருக்கிறார். யாரோ மண்டையோட்டில் எலும்பை எடுத்துச் சிகிச்சை செய்திருக்கிறார்கள், புண் ஆறி அவர் பிறகும் வாழ்ந்திருக்கிறார். பட்டிக்காட்டில் இந்த வேலையைச் செய்தது யார் என்பதற்கு எந்தக் காகிதமும் இல்லை.

அப்புறம் ஒரு திகில் சமாச்சாரம். வீடுகளுக்கு நடுவே ஒரு குழியில் குறைந்தது 10 பேருடைய 137 எலும்புகள் கிடைத்தன. இறந்த பிறகு வெட்டியிருக்கிறார்கள், எரித்திருக்கிறார்கள். 2017இல் வெளிவந்த ஆய்வு, செத்தவர்கள் எழுந்து வந்து தொல்லை கொடுப்பார்கள் என்ற பயத்தில் ஊர்க்காரர்களே செய்திருக்கலாம் என்றது. பஞ்சத்தில் நரமாமிசம் என்ற விளக்கத்தையும் பார்த்தார்கள், வெட்டுக்காயங்கள் அதற்குப் பொருந்தவில்லை. தலை, கழுத்துப் பக்கமே அதிகம் வெட்டு.

நாகை மாலுமி எழுதியது:

ராத்திரியில் படிக்கிற விஷயமா இது? சரி, அந்த ஊர் எப்படிச் செத்தது? பிளேக்கா?

மண்வெட்டி எழுதியது:

எல்லாரும் அப்படித்தான் நினைப்பார்கள். 1348-49 கொள்ளைநோயில் ஆள் குறைந்தது உண்மை, ஆனால் ஊர் அதற்குப் பிறகும் நூறு, நூற்றைம்பது வருஷம் உயிரோடு இருந்தது. கொன்றது ஆடு. கம்பளிக்கு நல்ல விலை, உழவர்களுக்குப் பதில் மேய்ப்பர்களை வைத்தால் கூலிச் செலவு மிச்சம். நிலப்பிரபு உழவர்களை வெளியேற்றிவிட்டு மொத்தத்தையும் மேய்ச்சல் ஆக்கினார். 1500 வாக்கில் கடைசிக் குடும்பங்களும் போய்விட்டன.

வீடுகளைப் பற்றி ஒரு வார்த்தை. முதலில் தோண்டியவர்கள், இவை ஒரு தலைமுறை கூட நிற்காத குடிசைகள் என்று எழுதினார்கள். பிறகு வந்தவர்கள் மறுபடி பார்த்து, வளைந்த பெரிய மரச்சட்டங்களை நட்டுக் கட்டிய, உறுதியான வீடுகள் என்று திருத்தினார்கள். சுவர் மட்டும் மாறிக்கொண்டே இருந்திருக்கிறது, அதனால் குழப்பம். உள்ளே தரை நடுவில் குழிந்து போயிருந்தது. பெருக்கிப் பெருக்கியே மண்தரை தேய்ந்திருக்கிறது. பூட்டும் சாவியும் கூடக் கிடைத்தன. பூட்டி வைக்க ஏதோ இருந்திருக்கிறது.

தேன்மொழி எழுதியது:

தரை குழியும் அளவுக்குப் பெருக்கியது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பத்திரத்தில் இல்லாதவள் தரையில் இருக்கிறாள்.

கரிசல்காட்டான் எழுதியது:

இன்னொரு விஷயம் உறுத்துகிறது. அந்தக் காலத்தில் பிறந்த ஊரிலேயே வளர்ந்து, அங்கேயே கட்டி, அங்கேயே செத்தார்கள் என்றுதான் நாம் நினைத்திருக்கிறோம். பெஞ்சுக் கதையைப் படித்தால் ஒவ்வொரு குடும்பமும் எங்கிருந்தோ வந்து எங்கேயோ போகிற மாதிரி இருக்கிறதே?

கணக்கர் எழுதியது:

அதுதான் உண்மை. நாட்டிங்ஹாம்ஷயரில் கிளேவர்த் என்று ஒரு கிராமம். அங்கே பாதிரியாராக இருந்த வில்லியம் சாம்ப்சன் 1676இல் ஊரில் இருக்கும் எல்லாரையும் வீடு வீடாகப் பெயர் எழுதினார், 401 பேர். 1688இல் மறுபடி எழுதினார், 412 பேர். எண்ணிக்கையைப் பார்த்தால் ஊர் அசையவே இல்லை. பெயர்களைப் பார்த்தால், முதல் பட்டியலில் இருந்தவர்களில் சுமார் 60 சதவீதம் பேர் இரண்டாவதில் இல்லை. அதில் ஒரு பகுதிதான் மரணம், பெரும்பகுதி இடம் மாறியவர்கள். 12 வருஷத்தில் இவ்வளவு.

நீங்கள் முன்னால் கேட்ட வேலைக்காரப் பையன்களும் பெண்களும் இங்கேதான் வருகிறார்கள். பதின்வயதில் பெற்றோர் வீட்டை விட்டு வேறொரு பண்ணை வீட்டில் போய்த் தங்கி வேலை செய்வது அங்கே சாதாரணம். சாப்பாடும் படுக்கையும் அந்த வீட்டில், ஒப்பந்தம் ஒரு வருஷத்துக்கு, வருஷம் முடிந்ததும் வேறு ஊர், வேறு வீடு. ஏழைப் பிள்ளை மட்டுமில்லை, ஓரளவு வசதியான விவசாயியின் மகனும் இப்படிப் போவான். கையில் கொஞ்சம் காசு சேர்ந்து தனிக்குடித்தனம் வைக்க வழி பிறந்தால்தான் கல்யாணம். அதனால் பெண்களுக்கே சராசரியாக 25, 26 வயதில்தான் முதல் திருமணம். ஷேக்ஸ்பியரின் 13 வயது ஜூலியட்டை வைத்துக்கொண்டு ஊரை எடை போட வேண்டாம். கூட்டுக் குடும்பமும் அபூர்வம். ஒரு வீட்டில் சராசரியாக நாலே முக்கால் பேர்தான்.

மிடில் ஊரில் லண்டன் போவது ஏதோ பக்கத்து சந்தைக்குப் போவது போல வருகிறது. மகன் லண்டனில் தொழில் பழகப் போனான், அங்கேயே செத்தான், கடன்பட்டு லண்டனுக்கு ஓடினான் என்று காஃப் சாதாரணமாகச் சொல்லிக்கொண்டே போகிறார்.

தேன்மொழி எழுதியது:

போகலாம், ஆனால் எல்லாராலும் போய்த் தங்க முடியாது. 1662 சட்டத்தை மறந்துவிட்டீர்களே. வருஷத்துக்கு 10 பவுண்டுக்குக் குறைவான வாடகையில் புதிதாக ஊருக்குள் வந்து குடியேறுகிறவன் நாளைக்குப் பிச்சைக்கு நிற்பான் என்று தோன்றினால், 40 நாளுக்குள் அவனை அவன் பழைய ஊருக்கே திருப்பி அனுப்பலாம். ஏழையைக் காப்பாற்றும் செலவு அந்தந்தப் பங்கின் தலையில் என்பதால், எந்த ஊருக்கும் வெளியூர் ஏழை வேண்டாம். கர்ப்பிணிப் பெண் எல்லைக்குள் பிரசவித்துவிட்டால் பிள்ளை இந்த ஊர்க் கணக்கில் சேர்ந்துவிடும் என்று அவளை அவசரமாக எல்லை தாண்ட வைத்த ஊர்களும் உண்டு. 1697இல் இன்னொரு சட்டம்: உதவி வாங்குகிறவர்கள் தோளில் துணி வில்லை தைத்துக்கொள்ள வேண்டும். ஏழை என்பதற்கு ஓர் எழுத்து, பங்குக்கு ஓர் எழுத்து, சிவப்பு அல்லது நீலத் துணியில்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

உண்மை. நம் காஃப் இதில் அப்பாவி இல்லை. யார் எந்தப் பங்கின் பொறுப்பு என்று பக்கத்து ஊர்களோடு மிடில் நடத்திய வழக்குகளை ஒவ்வொன்றாக, ஜெயித்தது தோற்றது எல்லாம் சேர்த்து, சுவை பட எழுதியிருக்கிறார். வழக்கு யாரைப் பற்றி? ஒரு நொண்டி, ஒரு நோயாளி, ஆதரவற்ற ஒருவர். அவர்கள் ஊருக்கு ஊர் பந்தாடப்பட்டது அவருக்குப் பெரிதாக உறைக்கவில்லை, நம் பங்கின் காசு தப்பியதா என்பதுதான் கவலை. தனக்குக் கல்யாணமான புதிதில் ஏழைகளுக்காக வருஷத்துக்கு 4 பென்னி கட்டினேன், இப்போது கிட்டத்தட்ட 20 ஷில்லிங் கட்டுகிறேன் என்று புலம்புகிறார். ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்னி, ஆக அறுபது மடங்கு. புலம்பல் புரிகிறது. ஆனால் வரி ஏறுகிறது என்றால் ஊரில் நிலமில்லாதவர்கள் பெருகியிருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? அதை அவர் சோம்பேறித்தனம், குடி என்ற கணக்கில்தான் எழுதுகிறார்.

கணக்கர் எழுதியது:

பத்திரங்களைப் பற்றிப் பேசுவதால் ஒரு துணுக்கு. 1666, 1678 சட்டங்களின்படி பிணத்தை ஆங்கிலேயக் கம்பளித் துணியில் சுற்றித்தான் புதைக்க வேண்டும். லினன் கூடாது. கம்பளி வியாபாரம் படுத்திருந்ததால் வந்த சட்டம். கம்பளியில்தான் புதைத்தோம் என்று பிரமாணம் வேறு கொடுக்க வேண்டும், மீறினால் 5 பவுண்டு அபராதம். கௌரவம் பார்த்த பணக்காரர்கள் அபராதத்தைக் கட்டிவிட்டு லினனிலேயே போனார்கள். மண்வெட்டி சொன்ன ஊரை ஆடு விழுங்கியது, இங்கே செத்தவனையும் ஆடு விடவில்லை.

நாகை மாலுமி எழுதியது:

நானும் இப்போது காஃப் எழுதியதைக் கொஞ்சம் படித்துப் பார்த்தேன். தாமஸ் எல்க்ஸ் கதை இருக்கிறதே, அண்ணன் பிள்ளையின் சொத்துக்காக அந்தக் குழந்தையை வாளித் தண்ணீரில் அமுக்கிக் கொன்றவன். லண்டன் பக்கம் ஓடும்போது இரண்டு அண்டங்காக்கைகள் கூடவே பறந்து வந்தனவாம். காய்ந்த புல் குவியலுக்குள் ஒளிந்திருந்தவனை அந்தக் காக்கைகள் புல்லைக் கொத்தி இழுத்துக் காட்டிக்கொடுத்தனவாம். இதையுமா டேவிட் ஹே பத்திரத்தோடு சரிபார்த்தார்?

ஏட்டுச்சுவடி எழுதியது:

காக்கைக்குப் பத்திரம் கிடையாது, மாலுமி. அது காஃப் பிறப்பதற்கு முந்தைய சம்பவம், கேள்விப்பட்டதைத்தான் எழுதியிருக்கிறார். தான் கண்ணால் பார்த்ததை எழுதும்போது அவர் நடை வேறு: யார் நின்றார், எங்கே படுத்திருந்தார், காலில் எந்த எலும்பு உடைந்தது என்று இருக்கும். கேட்ட கதையில் காக்கை வரும். கொலையும் தூக்கும் நடந்தது, காக்கையை ஊர் சேர்த்துக்கொண்டது என்று நான் எடுத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த ஊர் எதை நம்பியது என்பதற்குக் காக்கையும் சாட்சிதான்.

கரிசல்காட்டான் எழுதியது:

இதெல்லாம் போனால், இன்று போய்ப் பார்க்க ஏதாவது இருக்கிறதா? அந்தக் கால விவசாய முறை எங்கேயாவது உயிரோடு உண்டா?

மண்வெட்டி எழுதியது:

உண்டு, நாட்டிங்ஹாம்ஷயரில் லாக்ஸ்டன். வேலியில்லாத பெரிய வயல்கள், அதில் பட்டை பட்டையாக ஆளுக்கு ஒரு துண்டு. மேற்கு வயல், மில் வயல், தெற்கு வயல் என்று மூன்று. சுழற்சி முறையில் ஒன்று கோதுமைக்கு, ஒன்று வசந்தகாலப் பயிருக்கு, ஒன்று தரிசு அல்லது தீவனத்துக்கு. 1635இல் மார்க் பியர்ஸ் என்பவர் வரைந்த நிலப்படம் இருக்கிறது, ஒவ்வொரு துண்டும் யாருடையது என்று அதில் தெரியும். உழுகிறவர், அறுக்கிறவர், மாடு ஓட்டுகிறவர் எல்லாரையும் குட்டிக் குட்டியாக வரைந்திருக்கிறார். இன்றைக்கும் நவம்பர் கடைசியில் ஊர் ஜூரி விதைத்த வயலைச் சுற்றிப் பார்த்து, யாராவது பொதுப் புல்வரப்பில் ஏரை விட்டு ஓட்டியிருந்தால் குறித்துக்கொள்ளும். அடுத்த வாரம் பண்ணை நீதிமன்றம் கூடி அபராதம் போடும். வேடிக்கை காட்டுவதற்காகச் செய்வதில்லை, பயிர் செய்கிறவர்களே உட்கார்ந்து முடிவு செய்கிறார்கள்.

நாகை மாலுமி எழுதியது:

நன்றி மண்வெட்டி. ஒரே ஒரு கேள்வி பாக்கி. அந்தக் கோழித் திருடன் ஜான் ஆஸ்டன், 11 பென்னியில் தப்பித்த பிறகு திருந்தினானா?

ஏட்டுச்சுவடி எழுதியது:

முன்பை விட ஜாக்கிரதையாக இருந்தான், ஆனால் தொழிலை முழுசாக விடவில்லை என்கிறார் காஃப்.